முன்னுரிமை எண் ஒன்று

ஜெலுத்தோங் விரைவுச்சாலை, காலை ஆறு ஐம்பது.
காரின் குளிரிலிருந்து இறங்கியதும்
லென்ஸுக்கு வியர்த்துவிட்டது.
சட்டை நுனியால் துடைத்தேன்,
துடைக்கக் கூடாது என்று தெரிந்தே.

ஒரு படம் விற்றால் எனக்கு மூன்று வெள்ளி.
நெஞ்சில் குத்திய எண் தெரிய வேண்டும்.
கண் துல்லியமாக விழ வேண்டும்.
இரண்டு காலும் தரையில் படாத நொடியென்றால்
இன்னும் நல்லது.
மூச்சு வாங்க நடந்தவர்களும்
பறந்ததாகவே பார்க்க விரும்புகிறார்கள்.

கேமரா, கொம்தாரில் வாங்கிய பழசு.
பெட்டி கிடையாது. சார்ஜர் வேறு கம்பெனி.
தோள்வார் மட்டும் முன்பு வைத்திருந்தவருடையது;
அறுந்த இடத்தை நீல நூலால் தைத்திருந்தார்,
அவசரத்தில், கோணலாக.

ஓடுகிறவரைப் பிடிப்பது என் வேலையில்லை.
அதற்கென உள்ளே ஒரு பச்சைக் கட்டம் இருக்கிறது.
கண்ணைக் கண்டால் கண்ணில் ஒட்டும்,
குனிந்தால் தலையில்,
திரும்பிக்கொண்டால் முதுகிலாவது.
நடுவே எவராவது குறுக்கிட்டால்
எவ்வளவு பொறுக்கலாம் என்பதற்கும் அளவுண்டு,
ஒன்று முதல் ஐந்து வரை.
நான் ஐந்தில் வைத்திருப்பவன்.
போலீஸ் மோட்டார் மறைக்கட்டும்,
தண்ணீர்க் கோப்பையோடு தொண்டூழியர் மறைக்கட்டும்,
தொடர்ந்த ஆள் வெளிப்படும்வரை
கட்டம் நிற்கும்.
வீட்டில் என்னுடைய எண் இரண்டு என்பாள் லோஷினி.

கடலுக்கு அந்தப் பக்கம் பிறை.
இங்கே சூரியன் தினமும் பிறையிலிருந்துதான் எழும்.
எழுந்தது;
ஓடிவந்தவர்கள் எல்லாம் கரித்துண்டுகள்,
விளிம்பில் மட்டும் நெருப்பு.
அந்த வெளிச்சத்திலும் யுகேந்திரனை
நூறு மீட்டர் தள்ளியே பிடித்துவிட்டேன்.
வங்கி அதிகாரி, முன்பணம் ஐம்பது வெள்ளி,
முதல் அரை மாரத்தான்.
எண்பது மீட்டர். அறுபது.
நாற்பதில் கட்டம் அவரை விட்டது.

யாரும் குறுக்கே வரவில்லை.
மூன்று பேரைத் தாண்டிப் போய்
சாலையின் இடதோரம் வந்த ஒரு பெண்ணின்
இமையில் உட்கார்ந்தது.
விரலை எடுத்து அழுத்தினேன்.
மறுபடி அவள்.
இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.
யுகேந்திரன் கட்டைவிரலை உயர்த்தியபடி
மங்கலாகக் கடந்துபோனார்.

அவள் எண் 4417.
நாற்பது வயதிருக்கலாம், உப்புப் பூத்த கழுத்து.
இருபத்து மூன்று படம்,
ஒன்றுகூடப் பிசகவில்லை.
பதினான்காவதில் லென்ஸைப் பார்க்கிறாள்.
அடுத்ததில் பார்வை சற்றுக் கீழே,
தோள்வாரில், அந்த நீலத் தையலில்.
கால் அரையடி தடுமாறுகிறது.
பிறகு என் முகத்தைத் தேடிப் பார்க்கிறாள்,
வேறு ஆள் என்றானதும்
ஓட்டம்.

இரவு மெனுவில் இறங்கினேன்,
வாங்கியதிலிருந்து நான் நுழையாத ஒரு பக்கம்.
பதிந்த முகங்கள்: எட்டு இடம்.
முதலிடத்தில் அவள்.
தலையில் ஈரத்துண்டு, பின்னால் கேஸ் அடுப்பு,
எதையோ மென்றுகொண்டே
இப்போது வேண்டாம் என்று மறைக்க வந்த கை
பாதி வழியில்.

அழிக்கவா என்று கேட்டது.

அடுத்த வாரம் சுங்கை நிபோங்கில் ஃபுட்சால்,
அங்கேயும் இவள் வந்து நின்றால்
கோலை யார் எடுப்பது என்றாள் லோஷினி.
நியாயம்தான்.
ஐம்பது வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தவனும் நான்தான்.

ஆனாலும் அது நான் பதிந்த முகமில்லையே.
கீழே, வரிசையை மாற்று என்று இருந்தது.
ஒன்றிலிருந்து எட்டுக்கு இறக்கினேன்.
சரி என்றது கேமரா, தகராறில்லாமல்.

விளக்கை அணைத்துப் படுத்த பிறகுதான் உறைத்தது,
மேலே ஏழு இடமும் காலி.
எட்டில் இருந்தாலும்
அவள்தான் முதல்.